காடு திரும்பினால் கையில் காசு வருமா?

2011இல் ஜெர்மனியின் பான் நகரில் உலக நாடுகள் சில கூடி ஓர் இலக்கை முன்வைத்தன. காடழிந்தும் மண் கெட்டும் கிடக்கும் நிலத்தில் 15 கோடி ஹெக்டேரை 2020க்குள் மீட்க வேண்டும். 2014இல் நியூயார்க்கில் அது 2030க்குள் 35 கோடி ஹெக்டேர் என்று உயர்ந்தது. இந்தியாவின் மொத்தப் பரப்பைவிட அதிகம் அது. 2021 முதல் 2030 வரையிலான காலத்தை ஐ.நா. சபையும் சூழலமைப்பு மீட்புப் பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது.

இவ்வளவு நிலம் எங்கே இருக்கிறது? செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வெளிறிய பழுப்பாக, ஆளே இல்லாததுபோலத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பித் திட்டம் போடுவதில்தான் முதல் கோளாறு. வெப்பமண்டல நாடுகளில் காடு மீட்கத் தகுந்தது என்று குறிக்கப்பட்ட நிலங்களின் மீதே சுமார் 29 கோடிப் பேர் வாழ்வதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கோப்பில் ‘தரிசு’ என்று எழுதப்பட்ட நிலத்தில் ஒருவர் ஆடு மேய்க்கிறார், ஒருவர் சுள்ளி பொறுக்குகிறார், மழை பெய்த வருடம் ஒருவர் தினை விதைக்கிறார். அவர்கள் பெரும்பாலும் ஊரிலேயே வசதி குறைந்தவர்கள். நல்ல நிலம் வைத்திருப்பவர் ஏன் தரிசுக்குப் போகப்போகிறார்?

ஆக, காடு மீட்பு பற்றி எடுக்கும் எந்த முடிவும் ஏழைகளின் வாழ்வைத் தொடும். அது நல்லவிதமாகத் தொடுமா, கெட்டவிதமாகவா என்பதைக் கொள்கை தீர்மானிக்கிறது. காடு மீட்பையும் கிராம வாழ்வாதாரத்தையும் இணைப்பது என்று நிபுணர்கள் சொல்வதற்கு இதுதான் பொருள்.

மீட்பு என்றால் நடுவது மட்டுமா?

இல்லை. வெட்டாமலும் மேய்க்காமலும் கொஞ்ச காலம் விட்டால் தானாகவே முளைத்துக்கொள்ளும் காடுகள் உண்டு. வயலிலேயே மரங்களை வளரவிட்டு நடுவில் பயிர் செய்யும் வேளாண் காடு உண்டு. அந்நிய மரங்களை வெட்டி அகற்றினாலே மீண்டுவிடும் நிலங்களும் உண்டு. வேறு வழியில்லாத இடத்தில்தான் நாற்றங்கால், குழி, மரக்கன்று எல்லாம். ஆனால் அமைச்சர் குனிந்து நட்டுப் படம் எடுத்துக்கொள்ள மரக்கன்று தேவைப்படுகிறது. அடிக்கட்டையில் தானாகத் துளிர்க்கும் தளிருக்கு அந்த மவுசு இல்லை.

இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து யாருக்கு வருமானம் என்பதும் மாறும். பான் இலக்குக்காக நாடுகள் தந்த வாக்குறுதிகளை 2019இல் அறிவியலாளர் சிலர் அலசியபோது, விவரம் கிடைத்த பரப்பில் 45 சதவீதம் தைலம் போன்ற ஒற்றை மர வணிகத் தோப்பாக இருந்தது. தோப்பும் பச்சைதான். ஆனால் அதில் தீவனம் கிடைக்காது, பழம் கிடைக்காது, மருந்து மூலிகை கிடைக்காது. வெட்டும்போது மரத்தின் சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்கும்.

ஏழைக்குக் காடு என்ன தருகிறது?

24 நாடுகளில் சுமார் 8,000 கிராமக் குடும்பங்களின் வரவைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. காட்டை ஒட்டிய ஊர்களில் குடும்ப வருமானத்தில் சராசரியாக 28 சதவீதம் காடு, புதர், ஆறு போன்ற இயற்கையிலிருந்தே வருகிறது. அதில் பெரும்பகுதி காட்டுடையது. இதில் ரொக்கம் மட்டும் அல்ல; வீட்டு அடுப்புக்குப் போன விறகு, குழந்தை தின்ற பழம், கூரைக்குப் போட்ட புல் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. அதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. ஏழைகளின் வருமானத்தில் காட்டின் பங்கு விகிதம் அதிகம், சரி. ஆனால் தொகையாகப் பார்த்தால் காட்டிலிருந்து அதிகம் எடுப்பவர்கள் வசதியானவர்கள்தான். ஏழை தலைச்சுமையாகக் கொண்டுவருவதை அவர்களால் வண்டி கட்டி எடுக்க முடியும். அதனால் காட்டை வளர்த்துவிட்டால் பலன் தானாக ஏழைக்குப் போய்ச் சேரும் என்று நம்ப இடமில்லை. யார் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்ற விதி இல்லாத இடத்தில் கை நீளமானவருக்கே லாபம்.

வறுமை பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. மழை பொய்த்த வருடத்தில் குடும்பம் பட்டினிக்குள் விழாமல் காடு தாங்கிக்கொள்கிறது. அது ஒன்று. வறுமையைவிட்டு நிரந்தரமாக வெளியேறும் அளவுக்குக் காசு சேர்வது வேறு. முதலாவதைக் காடுகள் நன்றாகவே செய்கின்றன. இரண்டாவதற்குச் சந்தை, சாலை, பதப்படுத்தும் வசதி, விற்கும் உரிமை என்று பல சேர வேண்டியிருக்கிறது. அரசுத் திட்டங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக அறிக்கை எழுதுவது வழக்கம்.

இடையில் விழும் ஐந்து வருடம்

எந்த மீட்புத் திட்டத்திலும் செலவும் இழப்பும் முதலில் வரும், பலன் பின்னால் வரும். கன்று நட்ட நிலத்தை அடைக்கிறார்கள். மேய்ச்சல் நிற்கிறது. ஆட்டுக்காரர் அந்த வாரமே ஆட்டை விற்கிறார், அதுவும் எல்லாரும் விற்கும் நேரத்தில், கிடைத்த விலைக்கு. விறகு விற்றுப் பிழைத்தவருக்கு மறுநாளே வேலை இல்லை. கரி சுடுபவருக்கும் அப்படியே. மரமோ பலன் தர ஐந்து வருடம், பத்து வருடம், சில இனங்கள் முப்பது வருடம் கேட்கும்.

இந்த இடைவெளியை யார் சுமப்பது? நிலமும் சேமிப்பும் உள்ளவரால் பத்து வருடம் காத்திருக்க முடியும். மற்றவரால் முடியாது. இரவில் வேலியைத் தாண்டி ஆடு உள்ளே போகும், கன்று சாகும், ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கை வரும். என்னைக் கேட்டால், மீட்புத் திட்டங்கள் தோற்கும் இடங்களில் மண்ணையும் மழையையும் குறை சொல்வதற்கு முன் இந்த ஐந்து வருடத்துக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இதைச் சமாளிக்க உலகில் சில வழிகள் செய்து பார்க்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் நொண்டும்.

நைஜர்: மரத்தின் சொந்தக்காரர் யார்?

சகாராவின் தெற்கு ஓரத்தில், நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. 1983இல் அவர் கவனித்தது இது: வயலெங்கும் புதர் என்று எல்லாரும் வெட்டி எறிந்துகொண்டிருந்தவை உண்மையில் வெட்டுப்பட்ட மரங்களின் துளிர்கள். வேர் ஆழத்தில் உயிரோடுதான் இருந்தது. நாலைந்து நல்ல தண்டுகளை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால் போதும், மரம் எழுந்துவிடும். கன்று வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்படியென்றால் விவசாயிகள் ஏன் அதுவரை செய்யவில்லை? பிரெஞ்சு ஆட்சிக் காலச் சட்டத்தின்படி மரங்கள் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் வளர்ந்த மரத்தை வெட்டினாலும் அபராதம். அந்த நிலையில் புத்தியுள்ள விவசாயி என்ன செய்வார்? துளிர் மரமாவதற்கு முன்பே கிள்ளி எறிவார். காட்டைக் காக்க வந்த சட்டமே அப்படிக் காட்டை அழித்துக்கொண்டிருந்தது.

உள்ளூர் வனத்துறையினர் அந்த விதியைக் கட்டாயப்படுத்தாமல் விட்டதும், வளர்த்தவரே பலனை எடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவியதும் நிலைமையை மாற்றின. 1984 பஞ்சத்தில் மரம் காப்போருக்கு உணவு தரும் ஏற்பாடும் கைகொடுத்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மராடி, சிந்தர் பகுதிகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் வயல்களில் மரங்கள் திரும்பின. பெரும்பாலும் விவசாயி பார்த்து விவசாயி செய்ததுதான். அவர்கள் விரும்பிக் காத்த மரங்களில் ஒன்று ஃபைடெர்பியா அல்பிடா என்ற வேல இனம். மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடும், ஆகவே பயிருக்கு நிழல் அடிக்காது. உதிர்ந்த இலை உரமாகும். கோடையில் காய் தீவனமாகும்.

ஐந்து வருட இடைவெளிப் பிரச்சினைக்கு இங்கே கிடைத்த விடையும் கவனிக்கத் தக்கது. கழித்துப்போட்ட கிளை முதல் வருடமே விறகு. காத்திருக்க வேண்டியதே இல்லை.

நொண்டும் இடம்? மரம் நிலக்காரருக்கு உரியதாகிவிட்டால், முன்பு யார் வயலிலும் சுள்ளி பொறுக்கிய நிலமற்றவர் இனி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மேய்ச்சல் சமூகத்தார் பாடும் அப்படித்தான்.

சீனாவும் கோஸ்டாரிகாவும்: காசு கொடுத்து இடைவெளியைக் கடப்பது

1998இல் யாங்சே ஆற்றில் பெருவெள்ளம் வந்து பெரும் சேதம். மலைச்சரிவுகளை உழுததால் மண் சரிந்து ஆற்றை மேடாக்கியதும் ஒரு காரணம் என்று கண்ட சீன அரசு, 1999இல் ஒரு திட்டம் தொடங்கியது. 25 பாகைக்கு மேல் சரிவான வயலில் பயிரை நிறுத்தி மரமோ புல்லோ வளர்த்தால் அரசு தானியமும் பணமும் தரும். யாங்சே படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ தானியம், மஞ்சள் ஆற்றுப் படுகையில் 1,500 கிலோ, கூடவே 300 யுவான். காட்டு மரங்களுக்கு 8 வருடம், பழ மரம் போன்ற வருவாய் மரங்களுக்கு 5 வருடம். சுமார் 3 கோடி 20 லட்சம் குடும்பங்கள் இதில் சேர்ந்தன.

பல இடங்களில் அந்தச் சரிவில் விளைந்ததைவிட அரசு தந்தது அதிகம். உழவிலிருந்து விடுபட்டவர்கள் நகரத்துக் கூலி வேலைக்குப் போனார்கள், வருமானம் கூடியது. இதில் காடு வருமானம் தரவில்லை. காட்டுக்காக வந்த பணமும் விடுபட்ட உழைப்பும்தான் தந்தன. நகரத்தில் வேலை இல்லாத ஒரு நாடு இதை அப்படியே செய்தால் என்னாகும் என்பது வேறு கேள்வி. பல இடங்களில் ஓரிரு இன மரங்களையே வரிசையாக நட்டதால் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் பெரிய லாபம் இல்லை என்ற குறையும் உண்டு.

கோஸ்டாரிகா 1996இல் வனச் சட்டம் கொண்டுவந்து, எரிபொருள் வரியிலிருந்து ஒரு பங்கை எடுத்துக் காடு வைத்திருப்போருக்குக் கொடுத்தது. தண்ணீர், கார்பன், உயிரினங்கள், அழகு ஆகியவற்றை ஊருக்குத் தருவதற்கான கட்டணம் அது. அந்நாட்டில் இன்று பாதிக்கு மேல் காடு. ஆனால் தொடக்க வருடங்களில் பணம் பெற நில உரிமைப் பத்திரம் காட்ட வேண்டியிருந்தது. பத்திரம் யாரிடம் இருக்கும்? பெரிய நிலக்காரரிடம். தலைமுறையாக உழுதும் காகிதம் இல்லாதவர்கள் வரிசைக்கு வெளியே நின்றார்கள். பின்னால் விதிகளைத் தளர்த்த வேண்டி வந்தது.

நேபாளம்: ஊரே காட்டை ஆண்டால்

இதில் கொஞ்சம் நின்று பேசலாம். 1957இல் நேபாள அரசு தனியார் காடுகளையெல்லாம் தேசியமயமாக்கியது. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்னவென்றால், அதுவரை தன் காடு என்று காத்த ஊர், இனி அரசாங்கத்துக் காடுதானே என்று கைவிட்டது. அரசுக்கோ ஒவ்வொரு மலைக்கும் காவலர் போட ஆளில்லை. மலைகள் மொட்டையாயின.

1970களின் கடைசியில் மெதுவாகத் திருத்தம் தொடங்கி, 1993 வனச் சட்டத்தில் உறுதியானது. ஊர்க்காரர்கள் பயனர் குழுவாகப் பதிவுசெய்து, ஒரு நிர்வாகத் திட்டம் எழுதிக் கொடுத்தால், குறிப்பிட்ட காட்டின் விறகு, தீவனம், மரம் எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம், வருமானத்தைக் குழு நிதியில் வைக்கலாம். நிலம் மட்டும் அரசுடையது. இன்று 22,000க்கு மேற்பட்ட குழுக்கள் உள்ளன. 1992இல் நாட்டின் சுமார் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதமானது. முழுப் புகழையும் குழுக்களுக்கே கொடுத்துவிட முடியாது. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்ப் பணம் அனுப்பினார்கள், மலைவயல்கள் கைவிடப்பட்டன, அங்கேயும் மரம் முளைத்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதையும் தெரியும். தொடக்கத்தில் பல குழுக்கள் சில வருடங்களுக்குக் காட்டை முழுதாக மூடின. கூட்டத்தில் அப்படி முடிவெடுத்தவர்களின் சொந்த நிலத்தில் மரம் இருந்தது, தீவனம் இருந்தது. நிலம் இல்லாதவர்களும், உலைக்குக் கரி வேண்டிய கொல்லர்களும், சாதி காரணமாகக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாதவர்களும் தூரத்துக் காட்டுக்கு நடந்தார்கள். சமூகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை படிநிலை! இதைப் பார்த்த பிறகே குழு வருமானத்தில் 35 சதவீதத்தை ஏழைகளுக்கான பணிகளுக்கு ஒதுக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு விதிகள் வந்தன.

2019இல் வெளியான ஓர் ஆய்வு நேபாளத்தின் ஆயிரக்கணக்கான ஊர்க்காடுகளின் தரவை ஒப்பிட்டுப் பார்த்தது. ஊர்க்காடு உள்ள பகுதிகளில் காடழிவு 37 சதவீதம் குறைவு; வறுமை 4.3 சதவீதம் குறைவு. எனக்கு இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பிடிக்கும். உலகின் மிக நன்றாக நடக்கும் ஏற்பாடுகளில் ஒன்றிலேயே காட்டுக்குக் கிடைத்த பலன் பெரியது, வறுமைக்குக் கிடைத்தது சிறியது. சிறியது என்பதால் வேண்டாம் என்றில்லை. ஆனால் காடு மீட்பால் வறுமையை ஒழிப்போம் என்று மேடையில் சொல்பவரிடம் இந்த 4.3ஐக் காட்டலாம்.

கூலி வேலை, விதை வேலை

மீட்புப் பணியையே வேலைவாய்ப்பாக்குவது இன்னொரு வழி. தென்னாப்பிரிக்காவில் 1995இல் தொடங்கிய திட்டமொன்றில், தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் அந்நிய வேல மரங்களையும் பைன்களையும் வெட்டி அகற்ற வேலையில்லாதவர்களை, குறிப்பாகப் பெண்களையும் இளைஞர்களையும், எடுத்தார்கள். ஆற்றில் நீர் கூடுவதும் கூலி கிடைப்பதும் ஒரே செலவில். ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் கூலியும் முடியும். மரம் மீண்டும் முளைக்கும் என்பதால் வேலை என்னவோ தீர்வதில்லை, பட்ஜெட்தான் தீர்கிறது.

பிரேசிலில் ஷிங்கு ஆற்றின் தலைப்பகுதியில் 2007 முதல் ஒரு விதை வலையமைப்பு இயங்குகிறது. பழங்குடியினரும் சிறு விவசாயிகளுமாக நூற்றுக்கணக்கானோர், பெண்கள் அதிகம், காட்டு விதைகளைச் சேகரித்து விற்கிறார்கள். பல இன விதைகளைக் கலந்து நேரடியாகவே நிலத்தில் விதைப்பதால் டன் கணக்கில் விதை தேவைப்படுகிறது. நிலமே இல்லாதவருக்கும், மரம் வளரும் முன்பே, அவருக்குத் தெரிந்த அறிவுக்குக் காசு. சிறிய அளவில் நடப்பதுதான், ஆனாலும் ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இணைப்பது என்றால் நடைமுறையில் என்ன?

பெரும்பாலான அரசுகளில் வனத்துறைக்கு இலக்கு ஹெக்டேரில். ஊரக வளர்ச்சித் துறைக்கு இலக்கு வேலை நாட்களில். வேளாண் துறைக்கு விளைச்சலில். ஒரே மலைச்சரிவில் ஒருவர் மரம் நடக் கூலி கொடுப்பார், ஒருவர் அதே இடத்தைத் திருத்தி உழ மானியம் கொடுப்பார். நட்ட எண்ணிக்கைக்குத்தான் பணம் என்றால் நடுவார்கள். மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு என்று கேட்க ஆளிருக்காது. எந்த மரம் என்று தேர்ந்தெடுப்பவரும் அதைப் பயன்படுத்தப்போகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டம் சாட்சி. அங்கே பல பத்தாண்டுகளாக அரசு மரம் நட்டுவந்ததை ஆராய்ந்த குழு 2021இல் முடிவை வெளியிட்டது. மரக் கிளைகள் நிலத்தை மூடும் பரப்பு குறிப்பிடும்படி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஊருக்குத் தீவனமும் விறகும் தந்த அகன்ற இலை மரங்களின் விகிதம் குறைந்திருந்தது.

இணைந்த கொள்கையில் நடவுக்கு முன்பே உரிமை எழுத்தில் இருக்கும். இடைக்கால வருமானத்துக்கு, கூலியோ தானியமோ தீவனமோ, நிதி இருக்கும். ஆட்டுக்காரரும் விறகுப் பெண்ணும் உட்கார்ந்து மர இனத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அளவுகோலில் ஹெக்டேரோடு குடும்ப வரவும் இருக்கும், அதுவும் ஊர்ச் சராசரி அல்ல, ஊரின் கடைசிக் குடும்பங்களுடையது. சராசரி பொல்லாதது, பெரிய வீட்டின் மர விற்பனை அதை உயர்த்திவிடும்.

புதிதாக வந்திருக்கும் கார்பன்

இப்போது மீட்புக்குப் பணம் வரும் பாதைகளில் கார்பன் சந்தை ஒன்று. மரம் காற்றிலிருந்து எடுத்துச் சேர்க்கும் கார்பனை, தாங்கள் வெளியிடும் புகையை ஈடுகட்ட நினைக்கும் நிறுவனங்களுக்கு டன் கணக்கில் விற்பது. எத்தியோப்பியாவின் ஹும்போ மலைச்சரிவில் சுமார் 2,700 ஹெக்டேரில், நைஜர் பாணியில் அடிக்கட்டைத் துளிர்களைக் காத்தே காடு எழுப்பினார்கள். 2006இல் தொடங்கும்போதே ஊர்க்காரர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாக்கி, நிலத்தின் பயன் உரிமையைச் சங்கங்களின் பெயரில் வாங்கினார்கள். உலக வங்கியின் நிதியம் ஒன்று அந்தக் கார்பனை வாங்கியது. பணம் சங்கங்களுக்கு வந்தது. தானியக் கிடங்கும் மாவரைக்கும் ஆலையும் கட்டினார்கள்.

அங்கே உரிமை முதலில் வந்தது, கார்பன் பணம் பிறகு வந்தது. பல நாடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மரம் யாருடையது என்றே சட்டம் தெளிவாகச் சொல்லாத நிலத்தில், அந்த மரத்துக்குள் இருக்கும் கார்பனை முப்பது நாற்பது வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு விற்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் மதிப்பு திடீரென்று உயர்கிறது. மதிப்பு உயர்ந்த நிலத்துக்குப் புதிய உரிமையாளர்கள் முளைப்பது எங்கும் நடப்பதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஊர்த்தலைவர் யார் சார்பில் போடுகிறார், ஒப்பந்தக் காலத்தில் வெட்டக் கூடாத கிளைகளுக்குப் பதிலாக அடுப்புக்கு விறகு எங்கிருந்து வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது அந்த ஊர்க்காரர் படிக்காத மொழியில் எழுதப்பட்டிருக்கும்.